கல்லூரி ஊரிலிருந்து வாக்களித்தல்: அமெரிக்க மாணவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் நாடு முழுவதற்கும் தேர்தலை நடத்தும் ஒரே ஆணையம் கிடையாது. நாட்டின் நாடாளுமன்றமான காங்கிரஸுக்கான தேர்தல்களின் காலம், இடம், முறை ஆகியவற்றை வகுக்கும் பொறுப்பை அரசியல் சாசனத்தின் முதல் பிரிவு மாநிலச் சட்டமன்றங்களிடம் விட்டிருக்கிறது. காங்கிரஸ் விரும்பினால் அந்த விதிகளை மாற்றலாம். மாநிலம் வகுத்த விதியைக் கவுன்ட்டி (மாநிலத்துக்குள் உள்ள மாவட்டம் போன்ற பிரிவு) அலுவலகமோ நகர எழுத்தர் அலுவலகமோ நிறைவேற்றுகிறது. இதனால் ஒரே விடுதி அறையில் தங்கியிருக்கும் இரண்டு மாணவர்களுக்கு வாக்காளராகப் பதிவதற்கு வெவ்வேறு கெடுவும், வெவ்வேறு அடையாள விதியும், வெவ்வேறு வாக்குச்சீட்டும் இருக்க முடியும். அறைத்தோழர் சொன்னதை அப்படியே பின்பற்றிய மாணவர் கெடுவைத் தவறவிடுவது வளாகங்களில் அடிக்கடி நடக்கிறது.

வளாகத்து வாக்காளர் பதிவு மேசைக்கு வரும் புதியவர்களில் பலர், படிவத்தில் பாதியை நிரப்பிய பிறகுதான் எந்த முகவரியை எழுதுவது என்று யோசிக்கத் தொடங்குகிறார்கள். மற்ற எல்லாம் முகவரியைத்தான் பொறுத்திருக்கின்றன. ஆகவே கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

1. தகுதியை முதலில் உறுதி செய்யுங்கள்

குடியரசுத் தலைவரையும் காங்கிரஸையும் தேர்ந்தெடுக்கும் கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிக்க அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். தேர்தல் நாளன்று 18 வயது நிறைந்திருக்க வேண்டும். இந்த வயது வரம்பை 1971இல் நிறைவேறிய 26ஆவது சாசனத் திருத்தம் நிலைநிறுத்தியது. பதிவு செய்யும் நாளிலேயே 18 நிறைந்திருக்க வேண்டும் என்பதில்லை. கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் 16 வயதிலேயே முன்பதிவுக்கு அனுமதிக்கின்றன.

தமிழ்க் குடும்பங்களிலிருந்து வரும் மாணவர்கள் இந்தப் படியில் சற்று நின்று யோசிக்க வேண்டும். எஃப்-1 மாணவர் விசாவில் படிப்பவர், பணி விசா பெற்றவரின் குடும்பத்தினருக்கான ஹெச்-4 விசாவில் இருப்பவர், கிரீன் கார்டு (நிரந்தரக் குடியிருப்பு அட்டை) வைத்திருப்பவர் ஆகிய எவரும் கூட்டாட்சித் தேர்தலுக்குப் பதியக் கூடாது. வாக்களிக்காமல் பதிந்தது மட்டுமே கூடப் பின்னாளில் சிக்கலாகலாம். குடியுரிமைக்கான விண்ணப்பம், எப்போதாவது வாக்காளராகப் பதிந்ததுண்டா என்று நேராகவே கேட்கிறது. குடிமகன் என்று பொய்யாகச் சொன்னதாகக் கருதப்பட்டால் நாடு கடத்தப்படும் அபாயமும் உண்டு. மோட்டார் வாகன அலுவலகத்தில் உரிமம் எடுக்கும்போது திரையில் பதிவுக் கேள்வி தானாகவே வரும். எழுத்தர் அவசரப்படுத்தினாலும் அதைப் படித்துப் பார்த்து, குடிமகன் அல்லர் என்று பதிலளியுங்கள்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. 2000ஆம் ஆண்டின் குழந்தைகள் குடியுரிமைச் சட்டத்தின்படி, கிரீன் கார்டுடன் பெற்றோரின் பொறுப்பில் அமெரிக்காவில் வசிக்கும் பிள்ளைக்கு 18 வயது ஆவதற்கு முன் பெற்றோரில் ஒருவர் குடியுரிமை பெற்றால், அந்தப் பிள்ளையும் தானாகவே குடியுரிமை பெற்றுவிடுகிறது. தனியாகச் சத்தியப் பிரமாணம் எடுக்காததால் தான் குடிமகன் என்பதே தெரியாத மாணவர்கள் இருக்கிறார்கள். இப்படிப்பட்டவர்கள் பதிவுக்கு முன்பே அமெரிக்கக் கடவுச்சீட்டையோ குடியுரிமைச் சான்றிதழையோ பெற்றுக்கொள்வது நல்லது.

2. எந்த முகவரி என்று முடிவெடுங்கள்

இந்த ஒரு முடிவுக்கு நேரம் செலவிடுங்கள். மற்றவை வேகமாக நடந்துவிடும்.

விடுதியிலோ வாடகை வீட்டிலோ தங்கியிருக்கும் மாணவர் கல்லூரி ஊரில் பதியலாம். அல்லது பெற்றோர் வீட்டு முகவரியிலேயே தொடரலாம். கல்லூரி ஊரில் பதியும் உரிமை எளிதில் கிடைத்ததன்று. டெக்சாஸின் வாலர் கவுன்ட்டியில், பிரெய்ரி வியூ ஏ அண்டு எம் பல்கலைக்கழக மாணவர்களிடம் மட்டும் தனிக் கேள்விகள் கேட்டுப் பதிவை மறுத்து வந்தார்கள். அந்த நடைமுறை செல்லாது என்ற கீழ் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 1979இல் உறுதி செய்தது. பட்டம் பெற்ற பிறகும் அந்த ஊரிலேயே இருப்பீர்களா என்று அலுவலர் கேட்டால், அதற்கு உறுதிமொழி தர வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. இப்போதைக்கு அந்த ஊரே உங்கள் வசிப்பிடம் என்பது போதும்.

எதைத் தேர்வது? மூன்று செய்திகளைப் பாருங்கள். முதலாவது, எந்த இடத்தின் முடிவுகள் உங்கள் அன்றாட வாழ்வைத் தொடுகின்றன என்பது. வாடகை விதி, பேருந்துத் தடம், நகரக் காவல்துறை ஆகியவற்றைத் தீர்மானிப்பது நீங்கள் ஆண்டின் பெரும்பகுதியைக் கழிக்கும் ஊரின் மன்றம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் மாணவர்களைக் கல்லூரி முகவரியில்தான் எண்ணுகிறது. இரண்டாவது, வீட்டு மாநிலம் தபால் வாக்கை எளிதாகத் தருகிறதா என்பது. மூன்றாவது, அடையாள ஆவணம்; வெளி மாநில ஓட்டுநர் உரிமத்தை வாக்குச்சாவடியில் ஏற்காத மாநிலங்கள் உள்ளன.

இங்கே சில தேவையற்ற பயங்கள் மாணவர்களைத் தடுக்கின்றன. கல்லூரி முகவரியில் பதிவதால் கூட்டாட்சிக் கல்வி உதவித்தொகை பாதிக்கப்படுவதில்லை. பெற்றோர் தம் வருமான வரிப் படிவத்தில் உங்களைச் சார்ந்தவராகக் காட்டுவதற்கும் இது தடையாகாது. அதேபோல், கல்லூரி ஊரில் வாக்காளராகிவிட்டதால் அம்மாநிலத்தவருக்கு உரிய குறைந்த கல்விக் கட்டணமும் கிடைத்துவிடாது. அதற்கான வசிப்பிட விதி தனியானது, பெரும்பாலும் கடுமையானது. வீட்டு மாநிலத்தின் அரசு தரும் உதவித்தொகை, காப்பீடு, வாகனப் பதிவு ஆகியவை வசிப்பிடத்தைச் சார்ந்திருக்கலாம். அவற்றின் நிபந்தனைகளை மட்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

இரண்டு இடங்களில் பெயர் இருப்பது மட்டுமே குற்றமாகாது. பழைய பதிவு நீக்கப்படுவதற்குக் காலம் பிடிக்கும். ஒரே தேர்தலில் இரண்டு இடங்களில் வாக்களிப்பதுதான் குற்றம்.

3. கெடுவையும் ஆவணங்களையும் எழுதி வையுங்கள்

முகவரி முடிவானதும் அந்த மாநிலத்தின் பதிவுக் கெடுவைத் தேடுங்கள். வோட்.கவ் (vote.gov) என்ற அரசு இணையதளத்தில் மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தால் அதிகாரபூர்வப் பக்கத்துக்கே செல்லலாம். கூட்டாட்சித் தேர்தலுக்குப் பதிவுக் கெடுவைத் தேர்தலுக்கு 30 நாட்களுக்கு மேல் முன்னதாக வைக்கக் கூடாது என்று 1993ஆம் ஆண்டின் தேசிய வாக்காளர் பதிவுச் சட்டம் சொல்கிறது. டெக்சாஸ் அந்த 30 நாளையும் முழுமையாக எடுத்துக்கொள்கிறது. பென்சில்வேனியாவில் 15 நாட்கள். மின்னசோட்டாவிலும் விஸ்கான்சினிலும் தேர்தல் நாளன்றே சாவடியில் பதியலாம். வடக்கு டகோட்டாவில் வாக்காளர் பதிவு என்பதே இல்லை.

கையில் இருக்க வேண்டியவை: ஓட்டுநர் உரிம எண் அல்லது சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள், வசிப்பிடத்தைக் காட்டும் ஒரு தாள். மாணவர் பெயரில் மின்கட்டண ரசீது இருப்பது அரிது என்பதால், விடுதி ஒப்பந்தத்தையோ வங்கிக் கணக்கு அறிக்கையையோ வைத்துக்கொள்ளுங்கள். சில மாநிலங்கள் குடியுரிமைக்கான ஆவணத்தையும் கேட்கின்றன. நியூ ஹாம்ப்ஷயர் 2024இல் அத்தகைய சட்டத்தை இயற்றியது. அரிசோனாவில் அந்த ஆவணம் இல்லாதவர் கூட்டாட்சிப் பதவிகளுக்கு மட்டுமே வாக்களிக்கலாம். கடவுச்சீட்டு பெற்றோர் வீட்டு அலமாரியில் இருக்குமானால் ஆகஸ்டில் கிளம்பும்போதே எடுத்து வாருங்கள். அக்டோபரில் கூரியருக்குக் காத்திருக்க வேண்டாம்.

4. பதிவுப் படிவத்தை நிரப்புங்கள்

பெரும்பாலான மாநிலங்களில் இணையத்திலேயே பதியலாம். டெக்சாஸ் விதிவிலக்கு: உரிமத்தைப் புதுப்பிக்கும் தருணம் தவிர, மற்றபடி படிவத்தை அச்சிட்டுக் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். தேசிய அஞ்சல் படிவத்தை எந்த மாநிலத்துக்கும் அனுப்பலாம் என்று எண்ணாதீர்கள். நியூ ஹாம்ப்ஷயர், வயோமிங், வடக்கு டகோட்டா ஆகியவை அதை ஏற்பதில்லை.

*பெயர்.* அடையாள அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். தந்தை பெயரைக் கடைசிப் பெயராகக் கொண்ட தமிழ் மாணவர்கள், கல்லூரிப் பதிவேட்டில் ஒரு வடிவமும் உரிமத்தில் வேறொரு வடிவமும் வைத்திருப்பதுண்டு. தேர்தல் அலுவலகம் உங்கள் பெயரை மோட்டார் வாகனப் பதிவோடும் சோஷியல் செக்யூரிட்டிப் பதிவோடும் ஒப்பிடுகிறது. முன்பெயரும் பின்பெயரும் இடம் மாறியிருந்தால் பதிவு நிலுவையில் நின்றுவிடலாம்.

*வசிப்பிட முகவரி.* வளாக அஞ்சல் பெட்டி எண்ணை எழுதுவதுதான் இந்தப் படிவத்தில் நடக்கும் மிகப் பெரிய தவறு. எந்தத் தொகுதி, எந்தச் சாவடி என்பதைத் தெரு முகவரியை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். பெரிய வளாகத்தின் நடுவே தொகுதி எல்லை ஓடுவதும் உண்டு. அப்போது ஒரு விடுதிக்கும் எதிர் விடுதிக்கும் சாவடி மாறும். விடுதிக் கட்டடத்தின் தெரு எண்ணை வீட்டுவசதி அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். அஞ்சல் பெட்டி எண்ணை அதற்கெனத் தனியாக உள்ள கட்டத்தில் எழுதுங்கள்.

*கட்சி.* சில மாநிலங்களில் இந்தக் கட்டமே கிடையாது. ஃபுளோரிடா, நியூயார்க் போன்ற மாநிலங்களில் ஒரு கட்சியின் பெயரில் பதிந்தவர் மட்டுமே அக்கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தலில் வாக்களிக்க முடியும். நவம்பர் தேர்தலில் யாருக்கும் வாக்களிக்கலாம் என்பதால் பலர் இதை வெறுமையாக விட்டுவிட்டு, முதல்நிலைத் தேர்தல் வரும்போது வருந்துகிறார்கள். ஒரே கட்சி எப்போதும் வெல்லும் தொகுதியில் உண்மையான போட்டி நடப்பது முதல்நிலைத் தேர்தலில்தான். ஆகவே இந்தக் கட்டத்தை நான் ஒருபோதும் சிறிதாகக் கருதமாட்டேன்.

*கையெழுத்து.* பிற்பாடு தபால் வாக்கு உறையில் நீங்கள் இடும் கையெழுத்தைப் பல மாநிலங்கள் இதோடு ஒப்பிடும். தொடுதிரையில் விரலால் கிறுக்கிய கையெழுத்து உங்களுக்கே பகையாகலாம்.

5. பெயர் ஏறிவிட்டதா என்று பாருங்கள்

படிவத்தை அனுப்பிவிட்டால் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். இரண்டு அல்லது மூன்று வாரங்கள் கழித்து, மாநிலத் தேர்தல் இணையதளத்தில் பெயரையும் பிறந்த தேதியையும் கொடுத்துத் தேடுங்கள். நிலுவை என்று காட்டினால் கவுன்ட்டி அலுவலகத்தைத் தொலைபேசியில் அழையுங்கள். மின்னஞ்சலுக்கு வாரக்கணக்கில் பதில் வராத விஷயம் தொலைபேசியில் சில நிமிடங்களில் தீர்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கெடு முடிவதற்குள் இதைச் செய்தால்தான் தவறைத் திருத்த வாய்ப்பு இருக்கும். நடைபாதையில் யாரோ ஒருவரிடம் படிவத்தைக் கொடுத்துவிட்டு வந்தவர்களுக்கு இந்தப் படி இன்னும் அவசியம்.

6. வாக்களிக்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள்

மூன்று வழிகள் உள்ளன: தேர்தல் நாளில் நேரில் செல்வது, முன்கூட்டியே நேரில் வாக்களிப்பது, தபாலில் அனுப்புவது. தேர்தல் நாள் நவம்பர் மாதத்தின் முதல் திங்கட்கிழமையை அடுத்து வரும் செவ்வாய். அது வேலை நாளாகவும் பெரும்பாலும் இடைத்தேர்வுக் காலமாகவும் இருக்கும் என்பதால், முன்கூட்டிய வாக்குப்பதிவு கிடைக்கும் இடத்தில் அதையே பரிந்துரைப்பேன். அடையாள ஆவணத்தில் குறை இருந்தால் வீட்டுக்குச் சென்று சரி செய்துகொண்டு மறுநாள் வர முடியும்.

வீட்டு முகவரியில் பதிந்தவர்களுக்குத் தபால் வாக்கு தேவைப்படும். ஓரிகன், வாஷிங்டன், கொலராடோ ஆகிய மாநிலங்கள் பதிந்த வாக்காளர்களுக்கு வாக்குச்சீட்டைத் தாமாகவே அனுப்புகின்றன. மற்றப் பல இடங்களில் விண்ணப்பிக்க வேண்டும். டெக்சாஸில் காரணமும் காட்ட வேண்டும். முன்கூட்டிய வாக்குப்பதிவுக் காலம் முழுவதும், தேர்தல் நாளிலும், கவுன்ட்டிக்கு வெளியே இருப்பது ஏற்கத்தக்க காரணம். அங்கே விண்ணப்பம் தேர்தலுக்கு 11 நாட்களுக்கு முன்பே அலுவலகத்தை அடைந்தாக வேண்டும். அந்தக் கடைசி நாளில் விண்ணப்பித்தால் வாக்குச்சீட்டு உங்களிடம் வந்து மீண்டும் திரும்பிப் போவதற்கு நேரம் இருக்காது, செப்டம்பரிலேயே விண்ணப்பியுங்கள்.

வாக்குச்சீட்டு பெற்றோர் வீட்டுக்குப் போகுமா, விடுதிக்கு வருமா என்பதையும் விண்ணப்பத்தில் குறிப்பிட வேண்டும். முகவரி மாற்றம் கொடுத்திருந்தாலும் அஞ்சல் துறை வாக்குச்சீட்டைப் பொதுவாக வேறு முகவரிக்குத் திருப்பி அனுப்பாது.

7. மாதிரி வாக்குச்சீட்டைப் படியுங்கள்

சாவடிக்குச் சென்ற பிறகு வாக்குச்சீட்டின் நீளத்தைப் பார்த்துத் திகைப்பவர்கள் பலர். கவுன்ட்டி இணையதளத்தில் உங்கள் முகவரிக்கான மாதிரிச் சீட்டு கிடைக்கும். அதை அச்சிட்டு, ஒவ்வொரு பதவிக்கும் எதிரே அந்தப் பதவியில் இருப்பவர் எதை முடிவு செய்கிறார் என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். அரசமைப்பைக் கற்றுக்கொள்ள இதைவிடச் சிறந்த பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

மேலிருந்து தொடங்குவோம். குடியரசுத் தலைவருக்கு வாக்களிக்கும்போது உண்மையில், அவரை முறைப்படித் தேர்ந்தெடுக்கப்போகும் உங்கள் மாநிலத்தின் தேர்வாளர்களைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். மொத்தம் 538 பேரில் 270 பேரின் ஆதரவு பெற்றவர் வெல்கிறார். மேய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற மாநிலங்களில் முதலிடம் பெற்றவருக்கே அம்மாநிலத் தேர்வாளர்கள் அனைவரும் போகிறார்கள். கல்லூரி முகவரியா வீட்டு முகவரியா என்று தீர்மானிக்கும்போது பலர் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். அதில் தவறேதும் இல்லை. பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களுக்கும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்தல் நடக்கும். செனட்டர்களின் பதவிக்காலம் ஆறு ஆண்டுகள் என்பதால், சில தேர்தல்களில் உங்கள் சீட்டில் செனட் பதவியே இருக்காது.

அடுத்து மாநிலப் பதவிகள். அரசுப் பல்கலைக்கழகத்தின் நிதி ஒதுக்கீட்டைத் தீர்மானிப்பது மாநிலச் சட்டமன்றம். கூட்டாட்சிக் கல்விக் கடனின் விதிகளை வகுப்பது காங்கிரஸ். கட்டண உயர்வுக்காகக் காங்கிரஸ் உறுப்பினருக்குக் கடிதம் எழுதும் மாணவர்கள் இந்தப் பிரிவை அறியாதவர்கள். மிச்சிகனில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு உறுப்பினர்களையே வாக்காளர்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தப் பெயர்கள் சீட்டின் கீழ்ப்பகுதியில் வருவதால், அங்கே படிக்கும் மாணவர்களே அவற்றைக் கவனிக்காமல் விடுவதுண்டு.

பிறகு நீதிபதிகள். கூட்டாட்சி நீதிபதிகளைக் குடியரசுத் தலைவர் செனட்டின் ஒப்புதலுடன் நியமிக்கிறார். ஆனால் டெக்சாஸ் உள்ளிட்ட பல மாநிலங்களில் மாநில நீதிபதிகளை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அதன்பின் ஷெரிஃப் (கவுன்ட்டிக் காவல் தலைவர்), கவுன்ட்டி வழக்கறிஞர், பள்ளிக் குழு, நகர மன்றம் என்று பட்டியல் தொடரும். கடைசியில் மக்கள் நேரடியாக ஆம் அல்லது இல்லை என்று முடிவு செய்யும் தீர்மானங்கள் இருக்கலாம். ஆம் என்றால் ஒரு சட்டம் நீடிக்கிறதா நீங்குகிறதா என்பதே புரியாதபடி அவை எழுதப்பட்டிருக்கும். அவற்றை வரிசையில் நின்றுகொண்டு முதன்முறையாகப் படிக்க முயல வேண்டாம்.

தெரியாத பதவியை வெறுமையாக விட்டாலும் மற்ற வாக்குகள் செல்லும். ஒருவரை மட்டுமே தேர்ந்தெடுக்க வேண்டிய இடத்தில் இருவரைக் குறித்தால் அந்தப் பதவிக்கான வாக்கு மட்டும் செல்லாது. மிச்சிகனில் ஒரே குறியில் ஒரு கட்சியினர் அனைவருக்கும் வாக்களிக்கலாம். ஆனால் கட்சி சாராத பதவிகளுக்கும் தீர்மானங்களுக்கும் அது பொருந்தாது, அவற்றைத் தனியே குறிக்க வேண்டும்.

8. தபால் வாக்கை அனுப்புங்கள்

உறையோடு வரும் அறிவுறுத்தல் தாளை முழுமையாகப் படித்த பிறகே பேனாவை எடுங்கள். பென்சில்வேனியாவில் சீட்டை முதலில் இரகசிய உறையில் இட்டு, அதை வெளியுறையில் இட வேண்டும். உள்ளுறை இல்லாமல் வந்த சீட்டு எண்ணப்படாது. வடக்கு கரோலினாவில் இரண்டு சாட்சிகளோ ஒரு நோட்டரியோ கையெழுத்திட வேண்டும். அடையாள அட்டையின் நகலையும் சேர்க்க வேண்டும். அறைத்தோழர்கள் சாட்சியாகலாம் என்பதால், எல்லோரும் விடுமுறைக்குக் கிளம்பும் முன்பே இதை முடித்துவிடுங்கள். வெளியுறையில் இன்றைய தேதி கேட்கும் இடத்தில் பிறந்த தேதியை எழுதிவிடுவது, கையெழுத்தை மறப்பது ஆகிய இரண்டும் ஒவ்வொரு தேர்தலிலும் காணக் கிடைக்கும் பிழைகள்.

தேர்தல் நாளுக்குள் உறை அலுவலகத்தை அடைய வேண்டும் என்று சில மாநிலங்களும், அந்த நாளுக்குள் அஞ்சல் முத்திரை விழுந்தால் போதும் என்று சில மாநிலங்களும் சொல்கின்றன. இந்த விதி அடிக்கடி மாறுகிறது. ஆகவே எல்லா மாநிலத்தவரும் முதல் விதியையே தமக்கு உரியதாகக் கொண்டு, குறைந்தது ஒரு வாரம் முன்னதாக அனுப்புவது பாதுகாப்பானது. பெட்டியில் போட்ட நாளிலேயே முத்திரை விழும் என்று நம்பாதீர்கள். நாள் நெருங்கிவிட்டால் அஞ்சல் அலுவலக முகப்பில் கொடுத்து, கண்முன்னே முத்திரையிடச் சொல்லுங்கள்.

9. சாவடியில்

மாணவர் அடையாள அட்டை எங்கும் செல்லும் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. டெக்சாஸிலும் டென்னசியிலும் அது செல்லாது. ஜார்ஜியாவில் அரசுக் கல்லூரிகளின் அட்டை செல்லும், தனியார் கல்லூரிகளின் அட்டை செல்லாது. விஸ்கான்சினில் அட்டையில் வழங்கிய தேதி, கையெழுத்து, வழங்கிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முடியும் காலாவதித் தேதி ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். கடவுச்சீட்டு இருந்தால் அதையே எடுத்துச் செல்லுங்கள்.

பட்டியலில் உங்கள் பெயர் இல்லை என்று சொன்னால் உடனே திரும்பிவிடாதீர்கள். முதலில் இது சரியான சாவடிதானா என்று கேளுங்கள். தவறான சாவடி என்றால் சரியான இடத்துக்குப் போவதே நல்லது. சாவடி சரி, பெயர் மட்டும் இல்லை என்றால் தற்காலிக வாக்குச்சீட்டு (உங்கள் தகுதியைச் சரிபார்த்த பிறகு எண்ணப்படும் சீட்டு) வேண்டும் என்று கேளுங்கள். 2002ஆம் ஆண்டின் கூட்டாட்சித் தேர்தல் சீர்திருத்தச் சட்டப்படி பெரும்பாலான மாநிலங்களில் அதைத் தர வேண்டியது அலுவலரின் கடமை. தேர்தல் நாள் பதிவு உள்ள மாநிலமானால் அங்கேயே பதியவும் கேட்கலாம்.

தற்காலிகச் சீட்டோடு தரும் துண்டுத் தாளைப் பத்திரமாக வையுங்கள். உங்கள் வாக்கு எண்ணப்பட்டதா, இல்லையென்றால் ஏன் என்று அதிலுள்ள எண்ணை வைத்துக் கேட்டறியலாம். அடையாள ஆவணம் இல்லாததால் தற்காலிகச் சீட்டு பெற்றிருந்தால், அடுத்த சில நாட்களுக்குள் ஆவணத்தைக் கவுன்ட்டி அலுவலகத்தில் காட்டியாக வேண்டும். தபால் உறையின் கையெழுத்து பொருந்தவில்லை என்று அறிவிப்பு வந்தாலும் பல மாநிலங்களில் இதேபோன்ற குறுகிய கெடு உண்டு. தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்புகளை அந்த ஒரு வாரமாவது எடுங்கள்.

10. விடுதி மாறினால்

அடுத்த ஆண்டு வேறு விடுதிக்கோ வெளி வீட்டுக்கோ மாறினால் பதிவிலும் முகவரியை மாற்ற வேண்டும். அதே ஊரில், அடுத்த தெருவுக்கு மாறினாலும் அப்படித்தான். கல்லூரியின் வீட்டுவசதி அலுவலகம் தேர்தல் அலுவலகத்துக்குத் தகவல் அனுப்புவதில்லை. புதிய அறையின் சாவியை வாங்கும் வாரத்திலேயே இதை இணையத்தில் செய்துவிடுங்கள். நான்காம் படியில் வாங்கிவைத்த பழைய தெரு எண்ணை அப்படியே மறுபடியும் எழுதிவிடாமல், புதிய கட்டடத்தின் எண்ணைக் கேட்டு எழுதுங்கள்.